சதுரப் பந்தும் சர்க்கரைப் பொங்கலும்

வாக்குமூலத்தை முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது. உலகத்தில் வீடுகளுக்கென்று முதன்முதலாக விற்கப்பட்ட வீடியோ கேம் பெட்டியின் ஒரு பாகத்தில் எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் படைத்தார்கள். அந்தப் பாகம் எங்களுடையது அல்ல. அதைக் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்வேன் என்று ஒன்பது பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவள் நான். (பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. ஜெர்மன்காரர் சும்மா விடமாட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஜெர்மனியில் எசன் நகரில் அப்பா, அம்மா, தம்பி கபிலனோடு இருந்தேன். பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்து ஐந்து மாதம் முடிந்திருந்தது. இந்த நாட்டில் எந்த வேலைக்கும் முதல் ஆறு மாதம் ப்ரோபெட்சைட், அதாவது பரீட்சைக் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மிச்சமிருந்த அந்த ஒரு மாதத்தை நான் முட்டைக்கு மேல் நடப்பவள்போல நடந்துகொண்டிருந்தேன்.

வேலை போனால் இன்னொன்று தேடலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு என் வீட்டைத் தெரியாது. நான் மருந்தாளர் படிப்பை ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டு வரலாறு படிக்கப் போனவள். அப்பா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அம்மா கதைத்தார், ஆனால் கலியாண வீடுகளில் யாராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால், "அவ ஒபீசில வேலை" என்று சொல்லிவிட்டு உடனே சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். ஆறு வருடம் வரலாறு படித்து, ஒரு வருடம் வேலை தேடி, கடைசியில் கிடைத்த வேலையும் போனால், "அண்டைக்கே சொன்னனாங்கள்" என்ற வசனத்தை நான் கிழவியாகும் வரை கேட்க வேண்டியிருக்கும். அந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது சம்பளம் மட்டும் அல்ல, என் மானமும்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் அருங்காட்சியகம் வீட்டு வீடியோ கேம் பெட்டிகளின் ஆரம்ப வரலாற்றைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. விளக்கப் பலகைகளை எழுதியது நான். எழுபதுகளின் நடுவில் ஜெர்மன் வீடுகளில் புகுந்த டென்னிஸ் பெட்டிகள், பிறகு வந்த, கசெட் மாற்றி மாற்றிச் செருகுகிற பெட்டிகள், எண்பதுகளின் தொடக்கத்தில் கடைகளில் விற்காமல் குவிந்து கிடந்தவை என்று எல்லாம் சேர்த்துவிட்டோம். ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்தது, அந்த முதல் பெட்டி, எங்களிடம் இல்லை. அது டுசல்டோர்ஃபில் ஹெர் வோல்டர் என்பவரிடம் இருந்தது.

ஹெர் வோல்டர் நாற்பது வருடம் தொலைக்காட்சி திருத்தி ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது, ஒல்லியான ஆள், சிரித்ததற்குச் சாட்சி இல்லை. அதுவரை யாருக்கும் அந்தப் பெட்டியைக் கொடுத்ததில்லை. எங்கள் பணிப்பாளர் ஃப்ராவ் லிண்ட்னர் எட்டு மாதம் கடிதம் எழுதி, கேக் கொண்டுபோய்க் கொடுத்து, கடைசியில் சம்மதிக்க வைத்தார். (ஹெர் என்றால் திருவாளர், ஃப்ராவ் என்றால் திருமதி.)

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே மரம்போல ஒரு பட்டை. சத்தம் கிடையாது. நிறம் கிடையாது. ஆறு பட்டரி போட்டு, தொலைக்காட்சியின் அன்ரெனாத் துளையில் இணைத்தால், திரையில் மூன்று வெள்ளைச் சதுரங்களும் நடுவில் ஒரு கோடும் தெரியும். இரண்டு சதுரங்கள் ஆட்கள், ஒன்று பந்து. (ஓம், சதுரப் பந்து. வட்டம் வரைய அதற்கு ஏலாது.) யார் வென்றது என்று எண்ணவும் அதற்குத் தெரியாது. அதனால் புள்ளி எழுதத் தாளும், உருட்டிப் போடத் தாயக்கட்டையும் பெட்டியோடேயே கொடுத்திருந்தார்கள்.

நிறம் இல்லாத குறைக்கு ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். விளையாட்டுக்கு ஒன்றாக, ஒளி ஊடுருவுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். டென்னிஸ் என்றால் பச்சை மைதானம் அச்சடித்த தாள். அதைத் தொலைக்காட்சிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் வெள்ளைச் சதுரம் புல்லில் ஓடுவதுபோல் இருக்கும். பெரிய தொலைக்காட்சிக்குப் பெரிய தாள், சின்னதுக்குச் சின்னத் தாள். பெட்டியைத் தேடினால் எங்காவது கிடைக்கும். கிழியாமல், மடியாமல் இருக்கும் தாள்கள் கிடைப்பதுதான் அருமை.

ஒப்பந்தத்தின் ஒன்பது பக்கங்களும் பெரும்பாலும் அந்தத் தாள்களைப் பற்றியவை. பருத்திக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. தண்ணீர் படக்கூடாது, சோப் படக்கூடாது. ஒட்டுநாடா, பசை எதுவும் ஆகாது. ஹெர் வோல்டரின் வீட்டிலிருந்து நேராக அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும், இடையில் வேறெங்கும் வைக்கக்கூடாது.

கண்காட்சித் திறப்பு ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். பத்து மணிக்குப் போனேன். ஹெர் வோல்டர் ஒவ்வொரு தாளாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அதன் குறை நிறைகளை விளக்கி, நான் தலையாட்டியதும் திரும்ப உறையில் போட்டார். நடுவில் இடைமறிக்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் புறப்படும்போது ஒன்றேகால். அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தால் களஞ்சியப் பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பிறகு இந்த நாட்டில் வெள்ளம் வந்தால்கூடத் திங்கட்கிழமைதான் பார்ப்பார்கள்.

நியாயமாக நான் ஃப்ராவ் லிண்ட்னருக்குத் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். அவர் திட்டிவிட்டு வந்து கதவைத் திறந்திருப்பார். ஆனால் ப்ரோபெட்சைட்டில் இருப்பவள் பிந்தி வந்தேன் என்று சொல்வாளா? என் கெட்டிக்கார மூளை வேறொரு வழி சொன்னது. வீட்டுக்குக் கொண்டுபோ. ஞாயிறு மத்தியானம் யாரும் வரமுன் கொண்டுவந்து வைத்துவிடு. யாருக்குத் தெரியப்போகிறது? (இப்படி யோசிப்பவர்களைப் பற்றித்தான் நம் ஆட்கள், சொந்தக் காசில் சூனியம் வைக்கிறவர்கள் என்று சொல்வார்கள்.)

வீட்டில் அந்தப் பெட்டி இருந்த சாம்பல் நிறப் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் அம்மா கேட்டார்.

"உது என்ன பிள்ளை?"

அதை அப்படியே அறையில் வைத்துவிட்டு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஐந்து மாதமாக யாரிடமும் பெருமையடிக்க முடியாமல் நாக்கு அரித்துக்கொண்டிருந்தது.

"இதுதான் அம்மா என்ர வேலை. ஐம்பது வருசத்துச் சாமான். இதை வச்சுத்தான் நாங்கள் கண்காட்சியே நடத்துறம். என்னை நம்பித் தந்திருக்கினம்."

"அருமந்த சாமானோ?"

"ஓம், அருமந்த சாமான்."

அம்மா பெட்டகத்தைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றிவந்து பார்த்தார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல், ஒரு சிநேகிதியின் கலியாணத்துக்கென்று அன்று பின்னேரமே கொலோனுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் பாட்டும் கூத்துமாக இருக்கும்போது அம்மா தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளை, நாளைக்கு சரஸ்வதி பூசை. அப்பான்ர பஸ் கார்ட் எடுத்து வச்சிட்டன். தம்பின்ர லப்டொப் வச்சிட்டன். என்ர அகப்பையும் வச்சிட்டன். உன்ர தொழிலுக்கு என்னத்தை வைக்கிறது?"

அப்பா நகரசபை பஸ் ஓட்டுநர். பஸ்ஸைப் பூசையில் வைக்க முடியாது என்பதால் ஓட்டுநர் அட்டையை வைப்போம். அம்மா ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்பவர், அவருக்கு அகப்பை. எனக்கு என்ன ஆயுதம் என்பது எங்கள் வீட்டில் தீராத சிக்கல். முந்திய இரண்டு வருடமும் அம்மா ஒரு பென்சிலை வைத்துவிட்டு, அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தம்பி தூசி தட்டுகிற பிரஷ் ஒன்றை வைக்கச் சொன்னான்.

நான் இடியப்பத் தட்டைக் கையில் பிடித்தபடி சொன்ன பதில் இது: "என்னத்தையெண்டாலும் வையுங்கோவன் அம்மா."

ஒன்பது பக்க ஒப்பந்தத்தில் வைத்த கையெழுத்துகள் எல்லாம் அந்த ஒரு வசனத்தோடு செல்லாக்காசு ஆகிவிட்டன.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கற்பூர வாசமும் நெய் வாசமும் படிக்கட்டு வரைக்கும் வந்தன. பூசை முடிந்திருந்தது. அப்பாவும் தம்பியும் சாமிப் படத்துக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சிவப்புப் பட்டுச் சேலையில், முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றார்.

"வா பிள்ளை, முதலிலை கும்பிடு. இந்த முறை உனக்குத்தான் நடுவிலை இடம்."

பார்த்தேன். சரஸ்வதிக்கு நேர் முன்னால், மடித்த பட்டுத் துணியின் மேல், உலகத்தின் முதல் வீட்டு வீடியோ கேம் பெட்டி. நெற்றி என்று அம்மா தீர்மானித்த இடத்தில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். விளையாடுகிறவர்கள் கையில் பிடிக்கிற இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு. திருகுக் குமிழில் ஒரு மஞ்சள் செவ்வந்திப் பூ. ஒரு பக்கத்தில் பஸ் கார்ட், மறுபக்கத்தில் அகப்பை.

அவமானமான ஒன்றைச் சொல்கிறேன். அந்த அதிர்ச்சியிலும் என் கண் அப்பாவும் தம்பியும் சாப்பிடுகிற பெரிய இலைக்குப் போனது. நல்ல பச்சை இலையாக இருக்கிறதே, இந்தக் குளிரில் எங்கே வாங்கினார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். வாழையிலையின் நடுவில் நரம்பு ஓடும். இந்த இலையின் நடுவில் டென்னிஸ் வலை ஓடியது.

"அம்மா, இது எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"உன்ர பெட்டிக்குள்ளதான். பச்சையில சின்னன் ஒண்டும் பெரிசு ஒண்டும் இருந்தது. தமிழ்க் கடையில பிளாஸ்டிக் வாழையிலை விக்கிறவைதானே, அதுமாதிரி எண்டு பாத்தன். பூசைக்கெண்டு பெரிசை எடுத்தன். சின்னன் பத்திரமாய் இருக்கு."

நான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் நிதானமாகச் சொன்னான். "பொறு அக்கா, இந்த முந்திரிகையையும் எடுத்திட்டுத் தாறன்."

அம்மா பொங்கலுக்கு நெய் விடும்போது கை நடுங்காது. அந்தத் தாளிலும் நடுங்கியிருக்கவில்லை. மைதானத்தின் இரண்டு பக்கமும் மினுங்கியது. தண்ணீரில் கழுவலாமா? ஒப்பந்தம் வேண்டாம் என்கிறது. சோப் போடலாமா? அச்சு நிறம் போய்விடும். அருங்காட்சியகத்தில் எனக்குச் சொல்லித் தந்த ஒரே முறை, உலர்ந்த பருத்தித் துணியால் மெல்ல ஒற்றுவதுதான். அப்பாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்றால் அரை மணி நேரம் ஒற்றினேன். பொங்கல் போனது. நெய் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சாக அது அங்கேயே இருந்தது. வாசமும் இருந்தது.

பிறகு பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடுக்கேலாது. பூசையில வச்சது. நாளைக்கு விஜயதசமி, காலமை தீபம் காட்டிப்போட்டுத்தான் எடுக்கலாம். இண்டைக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யக்கூடாதெண்டு உனக்குத் தெரியாதே?"

"அம்மா, அஞ்சு மணிக்குத் திறப்பு. மூண்டு மணிக்கு இதைத் தந்த மனுசன் வந்திடுவார். இது அங்க இல்லாட்டி எனக்கு வேலை போயிடும். இன்னும் ஒரு மாசம் இருக்கு, என்னை எப்பவும் அனுப்பலாம்."

அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வயதுப் பெண்ணான நான் டென்னிஸ் மைதானத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா என் மணிக்கட்டை விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உனக்கு வேலை நிலைக்கவேணுமெண்டுதானே பிள்ளை நடுவிலை வச்சனான். இவ்வளவு காலமும் பென்சில்தானே வச்சனான். இந்த முறைதான் உன்ர கையில ஒரு சாமானைக் கண்டனான்."

இத்தனை வருடமும் அம்மா என் வேலையை வெட்கப்பட்டு மறைத்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்ன வேலை என்று அவருக்கு யாரும் காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காட்டியிருக்க வேண்டியவள் நான்.

வழி கண்டுபிடித்தவரும் அம்மாதான். "சரஸ்வதிக்கு முன்னாலயிருந்து எடுத்தால்தானே பிழை? அவவையும் கொண்டு போவம். சாமி கூட வந்தால் எடுத்ததாய்க் கணக்கில்லை."

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "சட்டப்படி சரி," என்றார்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் நடுவில் சரஸ்வதி, கண்ணாடிச் சட்டத்துக்குக் குறுக்கே பாதுகாப்புப் பட்டி போட்டு. ஒரு பக்கம் அம்மா, மடியில் பட்டுத் துணியோடு பெட்டி. மறுபக்கம் நான், உறையில் போட்ட நெய்த் தாளோடு. அப்பா பஸ் ஓட்டுகிற பழக்கத்தில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் வேகத்தைக் குறைத்தார். முன் இருக்கையில் தம்பி. அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. (வேடிக்கை பார்க்க வந்தான். அவனே ஒப்புக்கொண்டான்.)

யாரும் வரமுன் வைத்துவிடலாம் என்ற என் திட்டம் வாசலிலேயே முடிந்தது. ஹெர் வோல்டர் நேரத்தோடு வந்து ஃப்ராவ் லிண்ட்னரோடு நின்றுகொண்டிருந்தார். பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண்மணி தன் பெட்டியைக் குழந்தையைப்போல ஏந்திவருவதையும், பின்னால் வேட்டி கட்டிய ஒருவர் வீணை வாசிக்கும் தெய்வத்தைத் தூக்கிவருவதையும் அவர் பார்த்தார். ஃப்ராவ் லிண்ட்னரின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியதை நான் பார்த்தேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பிந்தியது, களஞ்சியம் பூட்டியிருந்தது, வீட்டுக்குக் கொண்டுபோனது, பூசை, பொட்டு, பொங்கல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றே தீர்மானித்து, அடுத்த மாதம் எங்கே விண்ணப்பம் போடலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

ஹெர் வோல்டர் வெள்ளைக் கையுறையைப் போட்டார். உறையிலிருந்து பச்சைத் தாளை உருவினார். கையுறையின் விரல் நுனிகள் எண்ணெய் பட்டு நிறம் மாறின. தாளை மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"இது என்ன?"

அம்மாவின் ஜெர்மன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கற்றது. சின்னச் சின்ன வசனமாக இருக்கும், உத்தரவுபோல இருக்கும். "வெண்ணெய்," என்றார். "தண்ணீர் இல்லாத வெண்ணெய். உருக்கினது. சுத்தமானது."

ஹெர் வோல்டர் தாளைத் தூக்கிக்கொண்டு, கண்காட்சிக்கென்று வைத்திருந்த பழைய தொலைக்காட்சியிடம் நடந்தார். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக இருந்த காலத்தில் இந்தத் தாள்கள் கண்ணாடியிலுள்ள மின்னேற்றத்தாலேயே ஒட்டிக்கொள்ளும். ஐம்பது வருடத்தில் அவை காய்ந்து விறைத்து, ஒட்டாமல் வழுக்கி விழும். ஒட்டுநாடாவையும் அவர் தடைசெய்துவிட்டதால், திறப்பு நேரத்தில் யாராவது ஒருவர் தாளைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான் ஃப்ராவ் லிண்ட்னரின் திட்டம். (யார் என்று சொல்லத் தேவையில்லை.)

அவர் தாளைக் கண்ணாடியில் வைத்துத் தடவினார். கைகளை எடுத்து, விழப்போகிற தாளை ஏந்துவதற்காகக் கீழே பிடித்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தாள் விழவில்லை. கீழே ஏந்தியிருந்த ஒரு கையை எடுத்தார். விழவில்லை. மற்றக் கையையும் எடுத்தார். பச்சை மைதானம் கண்ணாடியோடு ஒட்டி, ஒரு சுருக்கமும் இல்லாமல் நின்றது.

"முப்பது வருடமாக இது விழுந்துகொண்டிருக்கிறது," என்றார் ஹெர் வோல்டர். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "எவ்வளவு போட்டீர்கள்?"

"நாலு பேருக்கு," என்றார் அம்மா.

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல இருந்தது. முழுவதும் இறங்கவில்லை, ஏனென்றால் ஹெர் வோல்டர் அடுத்ததாகப் பட்டரியைக் கையில் எடுத்தார்.

"நைன்," என்று ஜெர்மனில் மறுத்தார் அம்மா.

ஃப்ராவ் லிண்ட்னர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அம்மாவின் சேலை முந்தானையை இழுத்தேன். அம்மா என்னைப் பொருட்படுத்தவில்லை.

"இன்று இது வேலை செய்யாது," என்று அவரிடம் சொன்னார். "வருடம் முழுக்க வேலை. இன்று ஒரு நாள் உர்லாப். என் கரண்டிக்கும் உர்லாப். இவருடைய பஸ்ஸுக்கும் உர்லாப். நாளைக்கு வேலை."

உர்லாப் என்றால் விடுமுறை. இந்த நாட்டில் கடவுளை நம்பாதவர்கள் இருக்கிறார்கள், உர்லாப்பை நம்பாதவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. ஆனாலும் ஒரு பெட்டிக்கு உர்லாப் என்பதை ஹெர் வோல்டர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. அவர் பட்டரியைக் கையில் வைத்தபடி பெட்டியின் பொட்டைப் பார்த்தார்.

"நாற்பது வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்டத்துக்கு முன்னால் ஆட்கள் என்னை வீட்டிலிருந்து இழுத்துப் போயிருக்கிறார்கள்," என்றார். "எனக்கும் உர்லாப் இல்லை, பெட்டிகளுக்கும் இல்லை." பட்டரியைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு தானே அருங்காட்சியகத்தின் தேநீர்ச்சாலைக்குப் போய், கதவில் தொங்கிய 'ரூஹெடாக்' பலகையைக் கழற்றிக்கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் சாய்த்து வைத்தார். ரூஹெடாக் என்றால் ஓய்வு நாள், இங்குள்ள உணவகங்கள் கிழமைக்கு ஒருநாள் தொங்கவிடுகிற பலகை.

ஐந்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். முதல் பெட்டி ஏன் ஓடவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பலகையை வாசித்தார்கள், தலையாட்டினார்கள், அடுத்த பெட்டிக்குப் போனார்கள். ஒரு வயதான அம்மா மட்டும், எப்போது திரும்ப வேலைக்கு வரும் என்று விசாரித்தார். நாளைக்கு என்றதும், நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஃப்ராவ் லிண்ட்னர் போகும்போது என்னிடம், "நாளைக்கு நாம் பேச வேண்டும்," என்றார். அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆனாலும் காலை பத்து மணிக்கு நாங்கள் எல்லோரும் அங்கே நின்றோம். புகை எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால் அம்மா கற்பூரம் கொளுத்தாமல், பட்டரி விளக்கு ஒன்றைக் காட்டிக் கும்பிட்டார். "இனி எடுக்கலாம்," என்றார். ஹெர் வோல்டர் சந்தனத்தை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டார், உலர்ந்து போயிருந்ததால் சுவடில்லாமல் போனது. குங்குமமும் அதோடு போனது. அதை நான் பூதக்கண்ணாடி வைத்து மூன்று தரம் பார்த்தேன். பட்டரி போட்டார். மூன்று வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும் வந்தன.

விஜயதசமியில் தொடங்கினால் நல்லது என்று அம்மா சொல்ல, முதல் ஆட்டத்துக்கு அவரையே உட்காரவைத்தார் ஹெர் வோல்டர். அம்மா குமிழைச் சட்னி அரைக்கிற வேகத்தில் திருகினார். பந்து மைதானத்தைவிட்டு, திரையைவிட்டு, எங்கேயோ போனது. பெட்டிக்குப் புள்ளி எண்ணத் தெரியாது என்பதால் ஆளுக்கு ஆள் தன் பாஷையில் எண்ணினார்கள். முடிவில் ஹெர் வோல்டர் தான் வென்றதாக ஜெர்மனில் சொன்னார், அம்மா தான் வென்றதாகத் தமிழில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஃப்ராவ் லிண்ட்னர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பொங்கல் எனக்குப் பிரச்சினை இல்லை," என்றார். "வெள்ளிக்கிழமை நீங்கள் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அதுதான் பிரச்சினை. இன்னொரு தடவை இப்படி மறைத்தால் நான் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்."

நான் தலை குனிந்து நின்றேன். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். பிறகு அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஹெர் வோல்டர் தன்னிடமுள்ள மிச்சச் சேகரிப்பு முழுவதையும் அருங்காட்சியகத்துக்குத் தரப்போகிறாராம். நாற்பத்துமூன்று பெட்டிகள். ஒரே நிபந்தனை, அவற்றை என்னைத் தவிர வேறு யாரும் வந்து எடுக்கக்கூடாது. நான் ப்ரோபெட்சைட்டில் இருக்கிறேன் என்று ஃப்ராவ் லிண்ட்னர் சொன்னதற்கு, அப்படியென்றால் அதை முடித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் என் நிரந்தர நியமனம்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஒரு வருடம் வேலை தேடி, ஐந்து மாதம் முட்டைக்கு மேல் நடந்து, மூன்று நாள் உயிரைக் கையில் பிடித்து, கடைசியில் மூச்சை முழுவதுமாக உள்ளே இழுத்து வெளியே விட்டேன். அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னும் எனக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இப்போது நாங்கள் அந்தப் பச்சைத் தாளின் நகலைத்தான் காட்சிக்கு வைக்கிறோம். அசலைப் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் முறைப்படி சுத்தம் செய்து கொடுத்தார். அவருடைய அறிக்கையில் 'உணவுக் கொழுப்பு, ஏலக்காய்' என்று எழுதியிருக்கிறது. அம்மா இப்போது கலியாண வீடுகளில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு மாற்றுவதில்லை. "மகள் மியூசியத்தில. பழைய ரீவி விளையாட்டெல்லாம் அவவின்ர பொறுப்பில. நானும் விளையாடினனான், வெண்டனான்" என்கிறார். அதனால் எசனில் பாதித் தமிழ்ச் சனம் நான் தொலைக்காட்சி திருத்துகிறேன் என்று நம்பி, ஓடாத ரிமோட்டுகளைக் கொண்டுவந்து தருகிறது.

எனக்கு நிரந்தரமாகியது எப்படி என்று அம்மாவிடம் கேட்டால், "ஆகாமல் விடுமே, பூசையில வச்சதெல்லே" என்பார். அப்பா எல்லாம் நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால்தான் என்பார். தம்பி கபிலன் இந்தக் கதையை என் கலியாணத்தில், மேடையில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இருநூறு பேருக்கு முன்னால் சொன்னான். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் இன்றைக்கும் சொல்கிறான். முடிக்கிற வசனம் மட்டும் மாறுவதேயில்லை.

"அக்கா பட்டம் எடுக்க ஆறு வருசம் போச்சு. வேலை எடுக்க ஒரு கரண்டி நெய்தான் போச்சு."

நான் எதிர்த்துப் பேசப் பல தடவை வாயைத் திறந்திருக்கிறேன். வரலாறு படித்தவள் ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது, எனக்கு எதிரான ஆதாரமோ நிபுணர் கையெழுத்தோடு எங்கள் கோப்பிலேயே இருக்கிறது.